இணையம் இல்லாத ஊரில் இலவசக் கோடிங் வகுப்பு

முதலில், இணையத்தை நம்பாதீர்கள். பைதான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிப் பழக உதவும் தோனி (Thonny) மென்பொருளைப் பென்டிரைவில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். விண்டோஸில் பைதானும் அதனுடனேயே வந்துவிடும். ஒரு கணினிக்கு 2 பேர் உட்காரலாம். ஆனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டு கைமாற வேண்டும். இல்லாவிட்டால் தெரிந்தவரே தட்டிக்கொண்டிருப்பார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பவர்தான்.

முதல் நாளே இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் நிரலை எழுதச் சொல்லுங்கள். 5, 3 கொடுத்தால் 8 வராது, 53 வரும். காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகளே யோசிக்கட்டும். 'இன்புட்' (input) என்ற கட்டளை எதை வாங்கினாலும் எழுத்துச்சரமாகத்தான், அதாவது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்துகளின் வரிசையாகத்தான் தரும். 'இன்ட்' (int) கட்டளைக்குள் போட்டால்தான் அது எண்ணாகும்.

அடுத்த சிக்கல் வரித் தொடக்க இடைவெளி: ஒரு கட்டளைக்கு உள்ளே வரும் வரிகளுக்கு முன்னால் 4 ஸ்பேஸ், ஒரே சீராக. பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வருவதால் மிரளுவார்கள். கடைசி வரியை முதலில் படித்து, தமிழில் சொல்லிப் பார்க்கப் பழக்குங்கள்.