கல்குவாரியை மறுபடி மலையாக்க: சரிவு அமைக்கும் முறை

கல் எடுத்து முடித்த குவாரி எப்படி இருக்கும் என்று கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்குத்தாக ஒரு கருஞ்சுவர், அதன் தலையில் வெறும் செம்மண். பொக்லைனைக் கூப்பிடுவதற்கு முன்னால் எதிர்மலையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். உச்சி உருண்டு குவிந்திருக்கும், அடிவாரம் உள்வளைந்து பள்ளத்தில் போய்ச் சேரும், நடுவில் மடிப்புகள். முகட்டில் புல், மடிப்பில் சோலை. நாம் வரையப்போவதும் இதே வடிவம்தான், ஆட்சியர் அலுவலகப் படிக்கட்டு அல்ல.

முதலில் பாறை. இங்கே இருப்பது சார்னோகைட், கெட்டியான கல். அது பொதுவாக நொறுங்கி விழாது, விரிசல் வழியாகத்தான் வழுக்கும். விரிசல்கள் குவாரிப் பக்கமாகச் சாய்ந்து, சுவரைவிடப் படுத்து, ஆனால் 30–35 பாகைக்கு மேல் சரிவாக இருந்தால் அந்த இடம் ஆபத்து, அங்கே சுவரைப் பின்னால் வெட்டித்தான் ஆக வேண்டும். இதை உறுதி செய்வதும் வெடி வைப்பதும் நிபுணர் வேலை. நீங்கள் சுவருக்கு அடியில் போய் நிற்காதீர்கள்.

அப்புறம் மேல்விளிம்பு. செம்மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள் புதைந்திருக்கும், மழையில் முதலில் உருள்வது அவைதான், எனவே முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள். மண் பகுதியில் 45 பாகையைத் தாண்டக் கூடாது, படியாக வெட்டினால் ஒரு படி 1.5 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று 1961 உலோகச் சுரங்க ஒழுங்குமுறை சொல்கிறது. அது சுரங்கம் ஓடும்போதைய கணக்கு. செடி நின்று வளர வேண்டும் என்றால் 1:2, அதாவது ஒரு மீட்டர் இறங்கக் கிடையாக இரண்டு மீட்டர் விடுங்கள், விளிம்பையும் கூராக விடாமல் உருட்டிவிடுங்கள்.

இப்போது கணக்கு. 30 மீட்டர் செங்குத்துச் சுவரை முழுவதும் 1:1.5 சரிவில் மூட, அடியில் 45 மீட்டர் இடமும், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 675 கன மீட்டர் கல்மண்ணும் வேண்டும். கீழ் 10 மீட்டரை மட்டும் மூடினால் 75 போதும், ஒன்பதில் ஒரு பங்கு! எனவே அடியை மூடுங்கள், மேலே சில இடங்களில் பாறையை அப்படியே விடுங்கள். இப்படிப்பட்ட பாறை முகத்தில் மலைத்தேனீ கூடு கட்டும்.

நிரப்பும்போது டிப்பரை மேலே நிறுத்திக் கொட்டிவிடுவது சோம்பேறி வேலை, மண் தளர்வாகவே நிற்கும். அடியில் பெரிய கற்கள், அதற்குமேல் 30 சென்டிமீட்டர் அடுக்குகளாக இறுக்கி ஏற்றுங்கள். 1:1.5 சரிவு சரியா என்று பார்க்க 1.5 மீட்டர் பட்டையின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, ரசமட்டம் பார்த்துக் கிடைமட்டமாகப் பிடித்து, வெளிமுனையிலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள்: ஒரு மீட்டரில் மண்ணைத் தொட்டால் சரி, அதைத் தாண்டினால் செங்குத்து அதிகம்.

தண்ணீர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், காரணம் அடைமழை. விளிம்புக்கு மேலே ஒரு வாய்க்கால் வெட்டி, மழைநீரைச் சரிவில் விடாமல் பக்கத்து மடிப்புக்குத் திருப்புங்கள். நிரப்பிய மண்ணுக்கு அடியிலும் கல் வடிகால் வேண்டும்.

மேற்பரப்பை வழவழப்பாக்காதீர்கள். சங்கிலி வண்டி (புல்டோசர்) சரிவில் மேலும் கீழுமாக ஓடினால் தடம் குறுக்கே விழும், அதில் விதையும் ஈரமும் தங்கும். பக்கவாட்டில் ஓட்டினால் அதே தடம் ஓடையாகிவிடும்.

மேல்மண்ணை ஒதுக்கி வைத்திருந்தால் இப்போது பரப்புங்கள். முகட்டில் அந்த ஊர்ப் புல், மடிப்பில் காட்டுப் பூவரசு மாதிரிச் சோலை மரங்கள். சீகை மரமும் (வாட்டில்) உண்ணிச்செடியும் வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஜூன் சாரலில் விதைத்தால் அக்டோபர் வடகிழக்கு மழைக்குள் வேர் பிடித்துவிடும். கூடலூர், பந்தலூரில் பெருமழையே ஜூனில் தொடங்குவதால் மண் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் விளிம்புக்குப் பின்னால் நடந்து பாருங்கள். பிறை வடிவில் விரிசல் தெரிந்தால் களிமண் அடைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, கீழே யாரையும் விடாமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.