வகுப்பில் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: உப்பு, சாளை, நிழல்

100 மில்லி கடல்தண்ணீரை வற்றக் காய்ச்சி, மிஞ்சும் உப்பை எடை போடும் சோதனை ராமேஸ்வரத்துக்கு அருகே எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ரொம்பச் சுலபம், கொஞ்ச தூரம் நடந்தால் தண்ணீர். போன தை மாதம் ஐந்து குழுவாகச் செய்யவைத்தேன். நான்கு நோட்டில் 3.5 கிராம். ஐந்தாவதில் 4.1 என்று எழுதி, ரப்பரால் அழித்து, அதன் மேலேயே 3.5 என்று எழுதியிருந்தது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் பழைய எண் பள்ளமாகத் தெரிந்தது. "புக்குல 3.5 தானே சார் போட்டிருக்கு" என்றாள் அந்தப் பிள்ளை.

இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு, இதைப் பழக்கியதும் நாம்தான். புத்தக விடைக்கு மட்டும் டிக் போட்டால் பிள்ளைகள் தராசை ஏன் பார்க்கப் போகிறார்கள்?

அந்த 4.1-இல்தான் பாடமே இருந்தது. கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு, அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அந்தக் குழு காய்ச்சிய பீக்கரை ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தது, கடற்கரைக் காற்றில் ஒரு மணி நேரம். மறுபடி சூடாக்கி, மூடி ஆறவைத்து நிறுத்தோம், எடை இறங்கியது. சூடாக இருக்கும்போதே தராசில் வைப்பதும் தப்பு, மேலெழும் சூடான காற்று எடையைக் குறைத்துக் காட்டும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். வெறும் பீக்கரின் எடையை முதலிலேயே எழுதாமல் விட்டால் கடைசியில் எதைக் கழிப்பது? இன்னொன்று, மழைக்காலம் முடிந்த கையோடு பாக் நீரிணைப் பக்கம் எடுத்த தண்ணீரில் உப்பு குறைவாகவே இருக்கும், அதனால் 3.5-க்குக் கீழே வந்தாலும் பிள்ளையைத் திட்டாதீர்கள். எந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதவையுங்கள். ரப்பரைப் பைக்குள் போடச் சொல்லுங்கள், தப்பு என்று பட்டால் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும், பழைய எண் தெரிய வேண்டும்.

அப்புறம், எதை அளக்கிறோம் என்று பேசிக்கொள்ளாமல் அளப்பது. ஒரே சாளை மீனை ஆறு பேர் அளந்தார்கள்; சிலருக்கு 14, சிலருக்கு 16 சென்டிமீட்டர். ஸ்கேலில் கோளாறு இல்லை. பாதிப் பேர் வால் பிளவுபடும் இடம் வரை அளந்திருக்கிறார்கள், மீதிப் பேர் வால் நுனி வரை. மீன் ஆராய்ச்சியில் இரண்டு அளவுமே உண்டு, ஆனால் எது என்று சொல்லித்தான் எழுதுவார்கள். முனை தேய்ந்த ஸ்கேல் என்றால் 1-இல் தொடங்கி, வந்த அளவில் 1-ஐக் கழித்துவிடுங்கள்.

அளவுச்சாடியில் பார்க்கும்போது கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும், பிறைத்தளத்தின், அதாவது வளைந்து தெரியும் நீரின் மேற்பரப்பின், அடியைத்தான் படிக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் சாடியைக் கையில் தூக்கிப் பிடித்துப் படிக்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையைக் குனியச் சொல்லுங்கள்.

நிழல் சோதனையில் மட்டும் எங்கள் ஊருக்கென்று ஒரு பொறி இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் எங்கள் தலைக்கு நேரே வரும், செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. கடிகாரம் பார்த்துச் சரியாக 12 மணிக்குப் போய் நின்றால் நிழல் இருக்கும், பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரம். மண்டபம் ஏறக்குறைய 79 பாகையில், மேற்கே இருப்பதால் இங்கே அந்த நாட்களில் உச்சி வர 12.14 வாக்கில் ஆகும். 12 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குறிக்கச் சொல்லுங்கள். குச்சி நேராக நிற்கிறதா என்பதைக் கண்மதிப்பில் விடாதீர்கள். தூண்டில் நரம்பில் ஈயக்குண்டைக் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டால் போதும், அது இங்கே பாதிப் பிள்ளைகள் வீட்டில் கிடக்கும்.