படி, லிட்டர், பாக்கெட்: விலை ஒப்பிட விரிதாளில் அலகு மாற்றம்

தருமபுரி உழவர் சந்தையில் கிலோ, கிராமத்துச் சந்தையில் படி, சூப்பர் மார்க்கெட்டில் 850 கிராம் பாக்கெட். மூன்றையும் ஒப்பிட கூகுள் ஷீட்ஸோ லிப்ரே ஆபிஸ் கால்க்கோ போன்ற ஒரு விரிதாள் மென்பொருள் போதும். ஆனால் "1 படி = இத்தனை கிலோ" என்று அலகுக்கு மட்டும் காரணி (கிலோவாக்கப் பெருக்கும் எண்) வைத்தால் கணக்கு அங்கேயே கெடும். படி என்பது கொள்ளளவு. ஒரே படியில் ராகியும் அவரைக்கொட்டையும் ஒரே எடை இருக்காது.

ஆகவே 'காரணி' தாளில் பொருள், அலகு இரண்டையும் சேர்த்து ஒரே சாவியாக்குங்கள்: ராகி|படி, ராகி|கிலோ, கடலை எண்ணெய்|லிட்டர். எதிரே கிலோ மதிப்பு. படிக்கு, நீங்கள் வாங்கும் கடையின் படியில் தலைதட்டி அளந்து தராசில் நிறுத்த எடையைப் போடுங்கள். குவித்து அளப்பவர் என்றால் அதற்குத் தனி வரி. எண்ணெய் லிட்டருக்கு 0.91. விரிதாளிலேயே உள்ள கன்வர்ட் (CONVERT) சூத்திரம் கிராமைக் கிலோவாக்கும்; லிட்டரைக் கிலோவாக்கச் சொன்னால் பிழை காட்டும், படியோ அதற்குத் தெரியவே தெரியாது.

'விலை' தாளில் பொருள், அலகு, அளவு, எண்ணிக்கை, விலை தனித்தனிப் பத்திகள். "2×500 கிராம்" என்று ஒரே கட்டத்தில் எழுதினால் அது எண்ணல்ல, எழுத்து. ஐந்துக்கு ஒன்று இலவசம் என்றால் எண்ணிக்கை 6, விலை ஐந்துக்கானது. கிலோ விலை = விலை ÷ (அளவு × எண்ணிக்கை × காரணி).

எண்ணெய் லிட்டர் ₹182, 850 கிராம் பாக்கெட் ₹172 என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு முன்னது ₹200, பின்னது ₹202.35. பத்து ரூபாய் மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது.

பொருள்|அலகு சாவியைத் தேடிக் காரணியை எடுத்துவரும் சூத்திரம் வீலுக்அப் (VLOOKUP). அதைப் போடும்போது நான்காவது இடத்தில் ஃபால்ஸ் (FALSE) கட்டாயம். விட்டால் பக்கத்து வரியின் காரணியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடும். காரணி கிடைக்காதபோது, பிழைக்குப் பதில் வேறொன்றைக் காட்டும் இஃப்எரர் (IFERROR) வைத்துக் கிலோ விலையை 0 என்று காட்டாதீர்கள். வரிசைப்படுத்தினால் அந்தப் பொருளே மலிவென்று மேலே வந்து நிற்கும். வெற்றாக விடலாம்.

தமிழில் தட்டச்சுவோருக்கு ஒரு பொல்லாத சிக்கல்: 'கொ'வை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, மென்பொருளுக்கு வேறு. கொத்தமல்லி கிடைக்கவில்லை என்று சொல்லும். கையால் அடிக்காமல் கீழிறங்கு பட்டியலில் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லையும், 'கிலோ'வுக்குப் பின்னால் ஒட்டிய இடைவெளியும் வராது.

புளியைக் கொட்டையோடு வாங்குவதும் கொட்டை எடுத்து வாங்குவதும் அலகில் ஒன்றே. இருந்தாலும் தனிப் பொருளாகவே பதியுங்கள். கொட்டைப் புளி ஒரு கிலோவை உடைத்து, மிஞ்சும் சதையின் எடையே அதன் காரணி.