பத்திரத்தில் ‘கமென்ஸ்’ எழுதும்போது

வாடகை ஒப்பந்தங்களை ஆங்கிலத்தில் தயாரித்துக் கொடுப்பது என் அன்றாட வேலை. கூட வேலை பழகும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்கும் வினைச்சொல் ‘கமென்ஸ்’. பொருள் எளிது: தொடங்குதல். ‘ஸ்டார்ட்’, ‘பிகின்’ சொல்வதைத்தான் இதுவும் சொல்கிறது. ஆனால் இதற்குப் பத்திர வாடை உண்டு. டெண்டர், தேர்வு அறிவிப்பு, நீதிமன்ற ஆவணம் போன்றவற்றில் நன்றாகப் பொருந்தும். குடிவருபவருக்கு வாட்ஸப்பில் தகவல் அனுப்ப ‘ஸ்டார்ட்’ போதும்.

வாக்கியத்தை ‘த டெனன்சி ஷல் கமென்ஸ் ஆன்’ என்று எழுதித் தேதியைப் போடுங்கள். ‘ஷல் பி கமென்ஸ்ட்’ வேண்டாம். வாடகைக் காலம் தானாகவே தொடங்கிவிடும். ஒருவர் ஒரு வேலையைத் தொடங்குகிறார் என்றால் ‘த கான்ட்ராக்டர் ஷல் கமென்ஸ் த வொர்க்’. ‘கமென்ஸ் டு வொர்க்’ காதில் உறுத்தும். மணிக்கு ‘அட்’, தேதிக்கு ‘ஆன்’.

தேதிக்கு முன்னால் ‘ஃப்ரம்’ போடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அங்கேதான் நிதானிக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 110, குத்தகைக் காலம் ஒரு நாள் ‘முதல்’ தொடங்குவதாக எழுதியிருந்தால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. ‘கமென்சிங் ஃப்ரம் 01.06.2025’, காலம் 11 மாதம் என்று அடித்தால் ஜூன் 1 விலகிவிடும். கெடு 2026 மே 1 வரை நீளும். வீட்டுக்காரர் மனதில் இருப்பதோ ஏப்ரல் 30. சாவி ஒப்படைக்கும் நாளில் ஒரு நாள் வாடகைக்காக இரண்டு பேர் முகம் சுளிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அதனால் ‘கமென்சிங் ஆன் 01.06.2025 அண்ட் எண்டிங் ஆன் 30.04.2026, போத் டேஸ் இன்க்ளூசிவ்’ என்று இரு முனையையும் கட்டிவிடுவேன். தொடக்க நாளே குறிப்பிடாமல் விட்டால், குத்தகை செய்துகொண்ட நேரத்திலிருந்தே காலம் ஓடும் என்கிறது அதே பிரிவு.

கையெழுத்திடும் நாளும் தொடங்கும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நம் அரசியலமைப்பையே பாருங்கள். 1949 நவம்பர் 26-இல் ஏற்கப்பட்டது. குடியுரிமை, தேர்தல் ஆணையம் பற்றியவை உட்படச் சில பிரிவுகள் அன்றே நடைமுறைக்கு வந்தன. மற்றவை 1950 ஜனவரி 26-இல். அந்த ஜனவரி 26-ஐத்தான் உறுப்பு 394 ‘கமென்ஸ்மென்ட்’ என்று பெயரிட்டுச் சொல்கிறது. எவ்வளவு தெளிவான எழுத்து! நாமும் ‘கமென்ஸ்மென்ட் டேட்’ என்று ஒரு முறை வரையறுத்துவிட்டுக் கடைசிப் பக்கம் வரை அதையே எழுத வேண்டும். நடுவில் ‘ஸ்டார்டிங் டேட்’, ‘எஃபெக்டிவ் டேட்’ என்று மாற்றினால், படிப்பவர் அவை வேறு வேறு தேதிகளோ என்று குழம்புவார்.

எழுத்துக்கூட்டலில் எம் இரண்டு, கடைசியில் சி, இ. ‘எஸ்’ கிடையாது. ‘கமென்சிங்’ ஆகும்போது கடைசி ‘இ’ போய்விடும்; ‘கமென்ஸ்மென்ட்’டில் இருக்கும்.

முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுப்பதற்கு முன் இரு தரப்பையும் உட்காரவைத்து அந்த ஒரு வரியைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். “வாடகை ஜூன் 1-லேருந்துதானே, அட்வான்ஸ் கொடுத்த நாள்லேருந்து இல்லையே?” என்று பெரும்பாலும் யாராவது கேட்பார்கள். அதை அப்போதே தீர்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கலாம்.