பவுடர் ப்ளூ டாங் வாங்கப் போறீங்களா, நான் பண்ண தப்பையெல்லாம் பண்ணாதீங்க

முதல்லயே சொல்லிடறேன், மீனையும் டேங்க்னு எழுதினா தொட்டியைச் சொல்றேனா மீனைச் சொல்றேனான்னு குழம்பிடும், அதனால இங்க மீனுக்கு டாங், தண்ணி நிக்கிறதுக்குத் தொட்டி. டாங்னா உப்புத்தண்ணித் தொட்டில வளர்க்கிற கடல் மீன், சர்ஜன் மீன்னு சொல்றது இதைத்தான். வாலு ஆரம்பிக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் ஒரு கூர்மையான முள்ளு, மடக்குக் கத்தி மாதிரி மடிச்சே வெச்சிருக்கும், கோவம் வந்தா வாலைச் சுழட்டி ஒரு வீசு, எதிராளி மேல கோடு விழுந்துரும்.

பவுடர் ப்ளூ நம்ம பக்கத்து மீன்தான், இலங்கை, மாலத்தீவுப் பக்கமெல்லாம் பாறைல கூட்டமா மேயும். அப்படிக் கூட்டமா மேயற வீடியோவைப் பார்த்துட்டு மூணு நாலா வாங்கிடாதீங்க, வீட்டுத் தொட்டில கடைசில ஒண்ணுதான் மிஞ்சும். அந்த ஒண்ணுக்கே ஆறடி தொட்டி வேணும்.

நான் என்ன பண்ணேன்னா, கடைல நல்லா சாப்பிடுதே, உடம்பு சுத்தமா இருக்கேன்னு நேரா மெயின் தொட்டில விட்டுட்டேன். அஞ்சாம் நாள் துடுப்புல உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி, அதான் இக், ஒட்டுண்ணியால வர்ற நோய். பூண்டுச் சாறுல தீனியை ஊறவெச்சுப் போட்டேன், மீன் மேல இருக்கிற ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்னும்னு சொல்ற இறால், க்ளீனர் ஷ்ரிம்ப், ரெண்டு வாங்கி விட்டேன், நாலு நாள்ல ஒரு புள்ளி இல்ல. பூண்டு வேலை செஞ்சிருச்சுன்னு வாட்ஸ்அப் குரூப்ல பெருமையா வேற போட்டேன். ரெண்டு வாரத்துல மீன் ஃபுல்லா புள்ளி, மூச்சு வாங்கிட்டு தண்ணில அலை கிளப்புற மோட்டார், வேவ்மேக்கர், அது முன்னாடியே போய் நிக்குது, ரெண்டே நாள், போயிருச்சு.

பூண்டு ஒண்ணுமே பண்ணல. அந்த ஒட்டுண்ணி மீன் மேல இருக்கிறது மூணுலேருந்து ஏழு நாள்தான், தின்னு கொழுத்ததும் தானா உதிர்ந்து மணல்லயும் பாறைலயும் போய் கூடு கட்டிக்கும், அதுக்குள்ளயே பிரிஞ்சு பிரிஞ்சு நூத்துக்கணக்குல வெளிய வந்து மறுபடி மீனைத் தேடும். அதாவது புள்ளி மறைஞ்சா நோய் போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, தரைல பெருகிட்டு இருக்குன்னு அர்த்தம். அதனாலதான் வந்துருச்சுன்னா எல்லா மீனையும் வெளிய எடுத்துட்டு மெயின் தொட்டியை 76 நாள் தண்ணியோடயே, மீன் மட்டும் இல்லாம ஓட விடுறாங்க, தேடி வர்ற ஒட்டுண்ணிக்கு மீன் கிடைக்காம சாகட்டும்னு. ஒரு சின்ன க்ளவுன் மீனைக்கூட விட்டுவெச்சா அத்தனை நாளும் வேஸ்ட்.

எடுத்த மீனுக்கு வெறும் தொட்டி, மணல் பாறை வேண்டாம், ஒளியறதுக்கு ரெண்டு பிவிசி பைப் போதும், காப்பர், அதாவது தாமிர மருந்து, போட்டு 30 நாள். இங்க ஒரு உயிர்போற தப்பு இருக்கு. காப்பர் மருந்துல ரெண்டு வகை, செலேட்டட் காப்பர்னா (வேற பொருளோட பிணைச்சது) 2லேருந்து 2.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), அயானிக் காப்பர்னா (பிணைக்காதது) 0.2 பிபிஎம் பக்கத்துலயே நிக்கணும், பாட்டில்ல எதுன்னு பார்க்காம செலேட்டட் அளவை அயானிக்குக்குப் போட்டா பத்து மடங்கு விஷம். டெஸ்ட் கிட் இல்லாம காப்பரைத் தொடவே தொடாதீங்க, பவளம் இறால் இருக்கிற தொட்டில ஒரு சொட்டுகூட வேண்டாம். புள்ளி பொடிப்பொடியா மாவு தூவின மாதிரி இருந்து மீன் சாப்பாட்டை நிறுத்திட்டா அது வெல்வெட்னு வேற ஒரு ஒட்டுண்ணி நோய், அதுக்கு நாள் கணக்கெல்லாம் பார்க்க முடியாது, அன்னைக்கே காப்பர்.

சரி, எனக்கு மட்டும் ஏன் ரெண்டு வாரத்துல அவ்ளோ மோசமாச்சு? பின்னாடிதான் புரிஞ்சுது. ஏற்கெனவே ஒரு செயில்ஃபின் டாங் வெச்சிருந்தேன், அது புதுசை நாள் முழுக்க மூலைலயே ஒடுக்கி வெச்சுது, தீனி போட்டாலும் வெளிய வர விடல. பயந்து பட்டினி கிடந்த உடம்புல எதிர்ப்பு எங்கேருந்து வரும்? சண்டையை நான் தனி விஷயம்னு நினைச்சேன், என் தொட்டில சண்டையும் நோயும் ஒரே விஷயமா இருந்துச்சு.

இப்போ ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டில புதுசை ஒரு வாரம் உள்ளயே தொங்க விடுறேன், பழைய டாங் பெட்டியை முட்டி முட்டி சலிச்சுப் போகட்டும். பவுடர் ப்ளூ, சோஹல் டாங் மாதிரி ரௌடிங்களை எப்பவும் கடைசிலதான் விடணும், ஒரே உடம்பு வாகு, ஒரே கலர்ல ரெண்டு கூடவே கூடாது. பவுடர் ப்ளூவையும் பவுடர் பிரவுன் டாங்கையும் சேர்த்து வெச்சு ஜெயிச்சவங்க இருக்காங்க, பெரிய தொட்டிக்காரங்க, நம்ம கதை வேற. தீனிக்கு நோரி ஷீட்டை, அதாவது காய்ஞ்ச கடல்பாசித் தாளை, ரெண்டு மூணு இடத்துல க்ளிப் போடுங்க, ஒரே இடத்துல போட்டா பெரியவன் அங்கயே காவல் நிப்பான். மசாலா தடவாத நோரியா பார்த்து வாங்குங்க.

அப்புறம் பிடிக்கிறப்போ வலை வேண்டாம், அந்த வால் முள்ளு வலைல மாட்டி பிய்ஞ்சுரும், டப்பாவால தண்ணியோட சேர்த்து மொண்டு எடுங்க. கையைக் கிட்ட கொண்டு போகாதீங்க, எனக்கு இன்னும் கட்டைவிரல்ல தழும்பு இருக்கு.