மெய்நிகர் கணினிக்குள் யூஎஸ்பி டோக்கன் தெரியவில்லையா? படிப்படியான செய்முறை

உபுண்டு (லினக்ஸ்) கணினியில், ஒரு கணினிக்குள் மற்றொரு மெய்நிகர் கணினியை இயக்க உதவும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி அதனுள் விண்டோஸ் 10 இயக்குபவர்கள் பலர் ஒரே இடத்தில் தடுமாறி நிற்கிறார்கள். ஜிஎஸ்டி படிவத்தில் கையொப்பமிடுவதற்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகினால் அதன் சிறுவிளக்கு எரிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு அப்படியொரு கருவி வந்ததே தெரிவதில்லை. இதற்காக விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவ வேண்டாம். ஒரு யூஎஸ்பி கருவியை ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளம்தான் பிடித்துவைத்திருக்க முடியும். ஆகவே, டோக்கன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டே சென்றால் கோளாறு இருக்குமிடம் பிடிபட்டுவிடும்.

முதல் படியாக, விண்டோஸை மறந்துவிட்டு உபுண்டுவைப் பாருங்கள். டெர்மினலைத் திறந்து எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்ற கட்டளையை டோக்கன் செருகிய நிலையில் ஒருமுறையும், டோக்கனைக் கழற்றிவிட்டு மறுமுறையும் கொடுங்கள். முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் காணாமற்போன வரிதான் உங்கள் டோக்கன். இரண்டு பட்டியலும் ஒன்றாகவே இருந்தால், குறை போர்ட்டிலோ ஹப்பிலோ டோக்கனிலோதான் இருக்கிறது; வர்ச்சுவல்பாக்ஸில் எதை மாற்றியும் பயனில்லை. கைப்பேசியை இணைப்பவர்கள் கேபிளையும் மாற்றிப் பார்க்க வேண்டும், ஏனெனில் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருப்பதில்லை.

உபுண்டுவுக்குத் தெரிகிறது, ஆனால் வர்ச்சுவல்பாக்ஸின் டிவைசஸ் மெனுவில் யூஎஸ்பி பட்டியல் காலியாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் அனுமதிதான் காரணம். உங்கள் பயனர் கணக்கு ‘வீபாக்ஸ்யூசர்ஸ்’ (vboxusers) என்ற குழுவில் சேர்ந்திருக்க வேண்டும். நிறுவும்போது இந்தக் குழு உருவாகிவிடுகிறது. ஆனால் உங்களை அதில் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. யூசர்மாட் (usermod) கட்டளையால் சேர்த்த பிறகு கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள், ஏனெனில் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுக்குப் புதிய குழு செல்லுபடியாகாது. புதியவர்கள் மிகுதியாகத் தவறவிடும் படி இதுவே என்பது என் அனுபவம்.

அடுத்தது யூஎஸ்பி கட்டுப்படுத்தி (கன்ட்ரோலர்). மெய்நிகர் கணினியை முழுமையாக நிறுத்திவிட்டு, அதன் அமைப்புகளில் யூஎஸ்பி பகுதிக்குச் செல்லுங்கள். விண்டோஸ் 10-க்கு யூஎஸ்பி 3.0 பொருந்தும், விண்டோஸ் 7-இல் அதற்கான இயக்கி (டிரைவர்) உள்ளமைந்து வருவதில்லை என்பதால் 2.0-ஐத் தேர்ந்தெடுங்கள். 2022 அக்டோபரில் வெளியான வர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் இவ்விரண்டும் அடிப்படைப் பொதியிலேயே கிடைக்கின்றன. அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்கள் அதே பதிப்பு எண்ணுடைய எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் பொதியை நிறுவியாக வேண்டும்.

இப்போது டோக்கனின் பெயர் மெனுவில் தெரிந்து, அதைத் தேர்ந்தெடுத்ததும் ‘கருவி வேறு வேலையில் உள்ளது’ என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தால், உபுண்டு அதை இன்னும் விடவில்லை என்று பொருள். பென் டிரைவ் என்றால் உபுண்டுவில் முறைப்படி வெளியேற்றிவிட்டு மீண்டும் முயலலாம். டோக்கனின் கதை வேறு. ஸ்மார்ட்கார்டுகளைக் கவனிக்கும் பிசிஎஸ்சிடி (pcscd) என்ற சேவை உபுண்டுவில் நிறுவப்பட்டிருந்தால், டோக்கனைச் செருகியவுடன் அது தன்வசம் எடுத்துக்கொள்ளும். சேவையை மட்டும் நிறுத்தினால், ஏதேனும் ஒரு நிரல் அழைத்த மாத்திரத்தில் அது மீண்டும் எழுந்துவிடும். எனவே சிஸ்டம்சிடிஎல் (systemctl) கட்டளையால், அதைத் தட்டியெழுப்பும் அதே பெயருடைய சாக்கெட்டையும் (pcscd.socket) சேர்த்து நிறுத்துங்கள். பிறகு டோக்கனைக் கழற்றிச் செருகி, மெனுவில் மீண்டும் தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வொரு முறையும் கையால் தேர்ந்தெடுக்க விரும்பாதவர்கள் அமைப்புகளின் யூஎஸ்பி பகுதியில், குறிப்பிட்ட கருவியைத் தானாகவே மெய்நிகர் கணினிக்கு அனுப்பும் ஒரு வடிகட்டியை (ஃபில்டர்) சேர்க்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் ஃபாஸ்ட்பூட் (கைப்பேசியின் மென்பொருளை மாற்றி எழுதப் பயன்படும்) நிலைக்கு மாறும்போது தயாரிப்புக் குறியெண்ணும் (Product ID) மாறக்கூடும். அவற்றுக்கான வடிகட்டியில் நிறுவனக் குறியெண்ணை (Vendor ID) மட்டும் விட்டுவைத்து மற்றப் புலங்களைக் காலியாக்குங்கள்.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியுடன் டோக்கன் தென்பட்டால், இணைப்பு வேலை முடிந்துவிட்டது. இனித் தேவை டோக்கனுக்குரிய இயக்கி மென்பொருள் மட்டுமே. அதை உபுண்டுவில் அன்றி, விண்டோஸுக்குள் நிறுவ வேண்டும். உள்ளே இயங்கும் விண்டோஸில் நிறுவப்படும் வர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் இல்லாததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். யூஎஸ்பி இணைப்புக்கு அது தேவையே இல்லை.

கையொப்பமிட்டு முடித்ததும் டிவைசஸ் மெனுவில் டோக்கனின் குறியை எடுத்துவிட்டு, அதன் பிறகே போர்ட்டிலிருந்து கழற்றுங்கள். நிறுத்திவைத்த பிசிஎஸ்சிடி சாக்கெட்டையும் மீண்டும் தொடங்கிவிடுங்கள்.