கடற்பஞ்சுக்கு வாய் எங்கே?

பாம்பன் பக்கம் கரைவலை இழுக்கும்போது மீனோடு சேர்ந்து ஓட்டை ஓட்டையாய் ஒரு கட்டியும், அதாவது கடற்பஞ்சும், வந்து விழும். "பாசிதான், தூக்கிப் போடு" என்பார்கள். தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. பாசி வெயிலை வைத்துத் தன் சாப்பாட்டைத் தானே தயாரித்துக்கொள்ளும். கடற்பஞ்சோ விலங்கு, தின்றால்தான் பிழைக்கும். ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் செடிக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

அப்புறம், உச்சியில் இருக்கும் பெரிய துளையை வாய் என்று நினைப்பது. டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் படத்தில் தண்ணீர் போகும் அம்புக்குறியைத் தலைகீழாகப் போடுகிறார்கள். தொட்டியில் இருக்கும் கடற்பஞ்சின் பக்கவாட்டில், தொடாமல், கொஞ்சம் சாயத் தண்ணீரை விட்டுப் பார்த்தால் குழப்பம் தீரும். சாயம் உடம்போடு மறைந்துவிடும்; சற்று நேரத்தில் உச்சித் துளையிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி மேலே எழும். உள்ளே போகும் வழி உடம்பெங்கும் உள்ள நுண்துளைகள். பெரிய துளை கழிவு வாசல். நுண்துளைகள் எல்லாம் சேர்ந்த மொத்தப் பரப்பைவிட அது குறுகலாக இருப்பதால் தண்ணீர் வேகமாக, தூரமாகப் போய் விழுகிறது. வடிகட்டிய தண்ணீரே திரும்ப உள்ளே வந்தால் அதில் தின்ன என்ன இருக்கும்?

பெயரில் பஞ்சு இருப்பதால், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் போலச் சும்மா ஊறிக்கொள்கிறது என்றும் எழுதாதீர்கள். இது மோட்டார் வைத்த வேலை. உள்ளறைகளில், கழுத்தில் பட்டி கட்டியது போல இருக்கும் கழுத்துப்பட்டி செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சாட்டை மாதிரியான ஓர் இழையை அடித்துத் தண்ணீரை இழுக்கிறது, பட்டியில் சிக்கும் பாக்டீரியாவைப் பிடிக்கிறது. 10 செ.மீ. உயரம், 1 செ.மீ. விட்டம் உள்ள லியூகோனியா என்ற கடற்பஞ்சு நாளொன்றுக்குச் சுமார் 22.5 லிட்டர் தண்ணீரைக் கடத்துகிறது. வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனை விடக் கூடுதல்!

நடுவில் இருக்கும் குழி வயிறும் இல்லை. அங்கே எதுவும் செரிப்பதில்லை. பிடித்த செல்லே தனக்குள் செரிக்கிறது, இல்லையென்றால் நகர்ந்து திரியும் செல்லிடம் கொடுத்துவிடுகிறது. அமீபா சாப்பிடுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். நம் கடலில் மிதக்கும் சொறியின் (ஜெல்லிமீன்) கதை வேறு: கொட்டும் செல்களால் இரையை மயக்கி, வாய் வழியாக வயிற்றுப் பைக்குள் தள்ளும். கழிவும் அதே வாயால்தான்.

வலையில் வந்ததை வெயிலில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, "திரும்பக் கடலில் போட்டுவிட்டேனே" என்பவர்கள் உண்டு. தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் கால்வாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். பிறகு அது பட்டினிதான். சுண்ணாம்பு வகைக் கடற்பஞ்சுகள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவரப்பட்டன.

கடைசியாக ஒன்று. "எல்லாக் கடற்பஞ்சும் வடிகட்டியே தின்னும்" என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். 1995இல் மத்தியதரைக் கடல் குகை ஒன்றில் வேட்டையாடும் இனம் இருப்பது தெரியவந்தது. கொக்கி முள் நிறைந்த இழைகளில் குட்டி இறால் போன்ற உயிர்கள் மாட்டிக்கொள்ளும். செல்கள் மெல்ல நகர்ந்து வந்து அதை மூடும். செரித்து முடிக்க நாள்கணக்கில் ஆகும்.